கார்டு இல்லாத ரெப்ரி

அவர் விசில் ஊதுவதே குறைவு. எவனாவது காலை வாரிவிட்டான், கெட்ட வார்த்தை பேசினான் என்றால் ஓடிப்போய் அவன் தோளில் கை போடுவார். ஆள் குள்ளம். அதனால் அவனைக் கொஞ்சம் குனிய வைப்பார். குனிந்த காதில் ஏதோ சொல்வார். ஒரு வரி இருக்கும், மிஞ்சிப்போனால் இரண்டு. பிறகு முதுகில் தட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொல்வார். அதற்கப்புறம் அந்த ஆட்டத்தில் அவன் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உயிரோடு இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்கமாட்டார். "எதுக்கு நைனா, ஒரு ஊட்டு சமாச்சாரம் இன்னொரு ஊட்டுக்கு?" என்பார். பெயரை இப்போதும் நான் எழுதவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. வீடுகளில் அவர் கேஸ்காரர். மைதானத்தில் ரெப்ரி சார்.

வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் எங்கள் மாவட்டக் கால்பந்து டீம் ஒரு நட்புப் போட்டி நடத்தும். பக்கத்து மாவட்டங்களிலிருந்து மூன்று டீமைக் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை இரண்டு ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபைனல், அப்புறம் சாப்பாடு. கோப்பை உண்டு. ஆனால் ஜெயிப்பதைவிட வந்தவர்கள் மனம் கோணாமல் போகவேண்டும் என்பதுதான் கமிட்டிக்குப் பெரிது. ஒரு வருஷம் விருந்தாளி டீமின் கேப்டனுக்குச் சிவப்புக் கார்டு காட்டிவிட்டார்கள். அந்த டீமே மந்தாரை இலையில் வைத்த இட்லியைத் தொடாமல் பஸ் ஏறிப் போய்விட்டது. அதிலிருந்து இந்தப் போட்டிக்கு மட்டும் கார்டு கிடையாது. ரெப்ரியாக வருகிறவர் கமிட்டி மேசையில் கார்டை வைத்துவிட்டுத்தான் உள்ளே இறங்கவேண்டும்.

கார்டு இல்லாத ரெப்ரியை எவன் மதிப்பான்? வந்தவர்களெல்லாம் ஒரே வருஷத்தில் கும்பிடு போட்டுவிட்டு ஓடினார்கள். இவர் வந்தார். பதினோரு வருஷம் நின்றார்.

எனக்கு ஆடத் தெரியாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். வலை, கொடிக்கம்பு, தண்ணீர் கேன், சாப்பாட்டு அண்டா எல்லாம் என் வண்டியில்தான் மைதானத்துக்குப் போகும். என் அண்ணன் டீமுக்கு கேப்டன், அதனால் அந்த வேலை எனக்கு. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரிலும் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லும் வைப்பேன். பத்தடி நடந்துவிட்டுத் திரும்பிவந்து அந்தக் கல்லைக் காலால் தட்டிப் பார்ப்பேன். பசங்களுக்கு அது ஒரு வேடிக்கை. "இன்னாபா, இன்னிக்கு கோல்போஸ்ட் உழுந்துடுமா?" என்று கேட்பார்கள். விழும் என்றுதான் நான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருப்பேன்.

அவர் எங்கள் பகுதியில் சிலிண்டர் போடுகிறவர். எங்கள் வீடு திருப்பருத்திக்குன்றம் போகிற பக்கம். ஏழெட்டு தெரு அவர் லைன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சிலிண்டரைத் தோளில் தூக்கி, இடது பக்கம் வலது பக்கம் பார்க்காமல் நேரே சமையல்கட்டுக்குப் போவார். தூங்குகிற குழந்தையைப் படுக்கவைக்கிற மாதிரி சத்தமே இல்லாமல் இறக்கிவைப்பார். ரெகுலேட்டரை மாட்டி, சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். அதோடு விடமாட்டார். மண்டியிட்டு, சிலிண்டரின் வாயில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்பார். "கசிஞ்சா அது பேசும்மா. நாமதான் கேக்கணும்" என்பார்.

மற்ற ஆட்கள் தெருவோடு வந்து தெருவோடு போகிறவர்கள். இவர் சமையல்கட்டு வரை வந்துபோகிறவர். அடுப்பு ரெண்டு நாளாக எரியாத வீடு எது, ஒரே வீட்டில் ரெண்டு உலை வைக்கிறவர்கள் யார், அரிசி டப்பாவுக்குப் பின்னால் பாட்டில் வைத்திருப்பவன் எவன், எல்லாம் அவருக்குத் தெரியும். தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். ஒரு வீட்டில் பார்த்ததை அடுத்த வீட்டில் அவர் சொன்னதாக ஒரு ஆள் வந்து சாட்சி சொல்லமுடியாது. இருந்தாலும் தெருவில் அவர் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டால் பெண்கள் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். சமையல்கட்டு மேடையை ஒருதரம் பார்த்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட ஆள் மைதானத்தில் காதோடு சொன்னால் எவன்தான் நடுங்கமாட்டான்?

எங்கள் கோல்கீப்பர் ஒருத்தன் இருந்தான். வாய் நீளம். ரெப்ரியின் அம்மா வரைக்கும் இழுப்பான். ஒரு வருஷம் அவன் கத்தக் கத்த இவர் கோல் வரைக்கும் நடந்துபோய்க் காதில் சொன்னார். ஆட்டம் முடிகிறவரை அவன் மூச்சுவிடவில்லை. திரும்பி வரும்போது என் வண்டியில் வலைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு அழுதான். நாலு வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னான்: "'உங்கம்மா நேத்து காலி சிலிண்டர் மேல உக்காந்து அழுதுக்கினு இருந்திச்சு. ஏன்னு கேளுடா.' அவ்ளோதாம்பா சொன்னாரு." அவன் கேட்டானாம். அம்மாவின் மார்பில் கட்டி. நல்ல நேரத்தில் பார்த்துவிட்டார்கள், அந்த அம்மா இன்றைக்கும் இருக்கிறார்.

வெளியூர் டீமின் ஃபார்வர்டு ஒருத்தனிடமும் அப்படித்தான். அவன் வீட்டை இவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவன் அடங்கிப்போனான். பின்னால் நான் கேட்டேன்.

"அவங்கிட்ட இன்னா சார் சொன்னீங்க? அவன் ஊட்டுக்கு நீங்க போனதே இல்லியே?"

"அதத்தான் நைனா சொன்னேன். 'உங்க ஊட்டுக்கு நான் சிலிண்டர் போடல, ஆனா ஒருத்தன் போட்டுக்கினுதான் இருக்கான்'னேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய், எங்கள் சமையல்கட்டில் நின்று, அவர் கண்ணுக்கு இங்கே என்ன படும் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அண்ணி மேடையைத் துடைத்து, பாலுக்குத் தட்டு போட்டு மூடி வைத்திருந்தார்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அண்ணன், அண்ணி, நான். அண்ணன் பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். அண்ணி வீட்டிலிருந்தபடியே புடவைக்குக் குஞ்சம் கட்டுவார். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. அண்ணன் கத்தமாட்டான், கை நீட்டமாட்டான். அவன் கோபப்பட்டே நான் பார்த்ததில்லை. பந்தைக்கூடச் சத்தமில்லாமல் காலில் வாங்குவான். ஊரே அவனைக் கொண்டாடும். நானும்தான்.

அவர் ரெப்ரியாக நின்ற கடைசிப் போட்டிக்கு முந்தின ஆடியில் ஒரு நாள் அண்ணி கேஸ்காரருக்கு போன் செய்தார், வாடை வருகிறது என்று. அவர் வந்து பார்த்தார். அடுப்புக்குப் போகிற ஆரஞ்சு டியூப், மேடைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கிழிந்திருந்தது. "எலிம்மா" என்று சொல்லிவிட்டுப் புது டியூப் மாட்டிப் போனார். நான் எலிப்பொறி வாங்கிவந்து வைத்தேன். ஐப்பசியில் மறுபடியும் வாடை. மறுபடியும் அண்ணிதான் போன் செய்தார். மறுபடியும் அதே இடம். "எலிதாம்மா" என்றார் அண்ணியிடம். பொறியில் ஒரு எலிகூட விழவில்லை.

இரண்டாம் தடவை மாற்றிவிட்டுப் போனவர், மறுநாள் கூரம் ரோட்டில் என் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பிறகு என் காதுப்பக்கம் வந்தார். வண்டியில் வேறு ஆளே கிடையாது, இருந்தாலும் காதில்தான் சொன்னார்.

"அது எலி இல்ல நைனா."

"பின்ன?"

"எலி கடிச்சா பல்லு தெரியும், பிசிறு தெரியும். இது ஒரே கோடு. பிளேடு."

"குஞ்சம் கட்ற பிளேடு தெரியாத்தனமா பட்டிருக்கும் சார்."

"ரெண்டு தபா, ஒரே எடத்துலயா? மேடைக்குப் பின்னாலயா?" அவர் விரல் விட்டு எண்ணினார். "ஊட்ல மூணு பேரு. நீ ஹேண்ட் பிரேக்குக்கே பயப்படுற ஆளு. அந்தப் பொண்ணு வாட வருதுன்னு ரெண்டு தபாவும் அதுவா போன் பண்ணி என்னைக் கூப்பிட்ருக்குது. இன்னும் யாரு பாக்கி, நீயே சொல்லு."

எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. ஊரார் சமையல்கட்டில் மூக்கை நுழைத்து நுழைத்து இவருக்கு புத்தி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இறக்கிவிட்டுவிட்டு வந்தேன். வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். ஒரு விஷயம் மனதில் கிடந்தால் எனக்கு சோறு இறங்காது. ராத்திரி சாப்பிடும்போது அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

"கேஸ்காரரு அது எலி இல்லன்றாருண்ணா."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "அப்புறம் இன்னாவாம்?"

"தெரியல. பிளேடுன்றாரு."

அவன் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தான். பிறகு தன் தட்டில் இருந்த பெரிய வஞ்சிரத் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தான். "நீ சாப்புட்றா. கண்டதப் போட்டு மனச ஒழப்பிக்காத." அண்ணி குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்து, "இனிமே அந்தாள உள்ள உடாத. வாசல்லயே எறக்கிவெச்சுட்டுப் போச்சொல்லு. தம்பி மாட்டிக்குவான்" என்றான்.

அதிலிருந்து அவர் எங்கள் வாசலோடு சரி. நான்தான் சிலிண்டரை உள்ளே உருட்டிப்போய் மாட்டினேன். வாசலில் நின்றபடி அவர், "நுரை வெச்சுப் பாத்தியா? பின்னால குனிஞ்சு பாத்தியா?" என்று கேட்பார். "பாத்தேன் சார்" என்பேன். நிஜமாகவே பார்த்தேன். அப்போதெல்லாம் ஒன்றும் இல்லை.

தை பிறந்தது. போட்டி வந்தது. சனிக்கிழமை எங்கள் ஆட்டத்தில் அண்ணன் எதிராளியின் முழங்காலில் வேண்டுமென்றே மிதித்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் மிதித்தான். ரெப்ரி சார் போய் அவன் தோளில் கை வைத்தார். அண்ணன் தானாகவே குனிந்து காதைக் கொடுத்தான். கேட்டுவிட்டுச் சிரித்தான். அவர் காதில் சொல்லி நான் பார்த்த பதினோரு வருஷத்தில் சிரித்தவன் அவன் ஒருத்தன்தான்.

வீட்டுக்கு வரும்போது வண்டியில் அவனே சொன்னான்: "லூஸுடா உங்க ரெப்ரி. ரெண்டு டியூப்பையும் பத்திரமா வெச்சிருக்கேன்றாரு. வெச்சிக்கினு இன்னா பண்ணுவாராம், ஊறுகா போடுவாராமா?"

நானும் கூடச் சிரித்தேன். சிரித்துத் தொலைத்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் ஒரு பிளைவுட் பலகை கொண்டுவந்தான். சமையல்கட்டு ஜன்னல் வழியாகக் குரங்கு வருகிறது, பழத்தை எடுத்துப்போகிறது என்றான். கோயில் குரங்குகள் எங்கள் தெருவுக்கு வருவது உண்மைதான். எனக்கும் அதுகளிடம் பயம். பலகையை நான் பிடித்துக்கொண்டேன், ஆணியை நான் நிறுத்திக்கொண்டேன், அவன் அடித்தான். ஒரு காற்று நுழைய இடமில்லாமல் அடித்தான். "இப்ப நிம்மதியாடா உனக்கு?" என்று கேட்டான். நிம்மதியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணிக்கு ஜலதோஷம், மூக்கு அடைத்துக்கொண்டு குரல் மாறியிருந்தது. வழக்கமாக ஃபைனலுக்கு அண்ணியும் வருவார். "நீ வராத, உடம்ப பாத்துக்கோ. மெதுவா எழுந்து சூடா பால் காய்ச்சிக் குடி" என்றான் அண்ணன். என்னை முதலில் அனுப்பிவிட்டு, பத்து நிமிஷம் கழித்துத் தன் பைக்கில் வந்தான்.

பாதி ஆட்டம் வரைக்கும் கோல் இல்லை. இடைவேளையில் எல்லோருக்கும் ஆரஞ்சுச் சுளை கொடுத்துக்கொண்டு வந்தேன். ரெப்ரி சாருக்கும் நீட்டினேன். வாசலில் நுரையைப் பற்றிக் கேட்பதோடு சரி, அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசி மாசக்கணக்காகியிருந்தது. ஏதாவது பேசவேண்டுமே என்று பேசினேன்.

"உங்க தெருவுலயும் கொரங்கு தொல்லையா சார்? நாங்க நேத்து ஜன்னல அடைச்சுட்டோம்."

சுளையை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். "எந்த ஜன்னல்?"

"சமையல்கட்டு ஜன்னல்."

"யாரு அடைக்கச் சொன்னது?"

"அண்ணன்."

"அந்தப் பொண்ணு எங்க?"

"ஊட்லதான். ஜலதோஷம், மூக்கடைச்சுக்கினு..." சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் கேட்டது.

சுளை அவர் கையிலிருந்து விழுந்தது. "போன் பண்ணு. அடுப்பப் பத்தவெக்க வேணாம்னு சொல்லு. லைட்டு, ஃபேன் ஒரு சுவிட்சும் தொட வேணாம். தெருவுக்கு வரச்சொல்லு."

மூன்றாவது ரிங்கில் எடுத்தார் அண்ணி. "இன்னா தம்பி, ஜெயிச்சுட்டீங்களா?" அடைத்த மூக்கோடு பேசினார். "இப்பதான் எழுந்தேன். பால் வெக்கலான்னு..."

"வெக்காதீங்க அண்ணி! எதையும் தொடாதீங்க. கதவத் தொறந்து உட்டுட்டு தெருவுல வந்து நில்லுங்க. நான் வந்துக்கினே இருக்கேன்."

"ஏம்பா, கேக்கறதுக்கு பயமா இருக்குது."

"வாங்கண்ணி, வெளிய வாங்க. போன வெக்காதீங்க."

கதவு திறக்கிற சத்தமும், தெருவில் ஒரு பைக் போகிற சத்தமும் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தூரத்தில் அண்ணன் பசங்களை நிற்கவைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவன் எங்களைப் பார்க்கவில்லை.

ரெப்ரி சார் என் காதருகே வந்தார். "போ. போயி இட்டுக்கினு எங்கனா போயிடு. உங்கண்ணன் இந்த கிரவுண்டுல இருக்கிற வரிக்கும்தான் உனக்கு நேரம். இவன நான் பாத்துக்கறேன்."

"எவ்ளோ நேரம் சார்?"

"பாத்துக்கறேன்னு சொன்னேன் இல்ல."

எப்படி வண்டி ஓட்டினேன் என்று கேட்டால் தெரியாது. அண்ணி தெருவில் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். நான் உள்ளே நுழைந்தேன். அந்த வாடை முகத்தில் அறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் ரெகுலேட்டரை மூடினேன். குனிந்து பார்த்தேன். மேடைக்குப் பின்னால், அதே இடத்தில், ஒரே கோடு. எலிக்குப் பல் உண்டு என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. நாலு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அண்ணியின் அம்மா வீடு முசரவாக்கம். அந்தப் பக்கம்தான் வண்டியை விட்டேன். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆடி, ஐப்பசி, இன்றைக்கு. அண்ணி அழவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"பலகை அடிக்கும்போது நீயும்தான தம்பி இருந்த?"

"ஆமாண்ணி."

"ஆணி புடிச்சியே."

நான் கியரை மாற்றினேன்.

முசரவாக்கம் வளைவுக்கு வந்தபோது போன் அடித்தது. எங்கள் கோல்கீப்பர். பின்னால் ஒரே கூச்சல். "எங்கப்பா போன? இங்க ரெப்ரிக்கு பைத்தியம் புடிச்சிடுச்சு! டைமு முடிஞ்சி பத்து நிமிஷமாவுது, விசில் ஊதமாட்டேன்றாரு! கேட்டா காயம்ன்றாரு, ஷூ லேஸுன்றாரு, பந்துல காத்து கம்மின்றாரு. உங்கண்ணன் ஆட்டத்த உட்டு வெளிய போறேன்னான். கேப்டன் போனா ஹோஸ்ட் டீமே வாக்கவுட்டுன்னு மைக்ல சொல்லுவேன்னாரு. ஊரு மானம் போயிடும்னு கமிட்டியே உங்கண்ணன புடிச்சி உள்ள தள்ளிட்டாங்க!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விசில் ஊதியதும் அவன் வீட்டுக்குப் போவான், அங்கே ஆள் இல்லை என்றால் முதலில் தேடி வரப்போகிற இடம் முசரவாக்கம்தான். அம்மா வீட்டைத் தவிர பெண் வேறெங்கே போவாள்? வண்டியை வளைவிலேயே திருப்பினேன். பெரிய ரோட்டுக்கு வந்து, முதலில் வந்த பஸ்ஸை நிறுத்தி அண்ணியை ஏற்றினேன். என் கையிலிருந்ததையெல்லாம் கொடுத்தேன். எங்கே போய் இறங்கவேண்டும், யார் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்று பஸ் நகர்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பதினேழு நிமிஷம் என்றார்கள் பின்னால். பதினேழு நிமிஷம் சேர்த்து ஆடவைத்திருக்கிறார். பதினைந்தாவது நிமிஷத்தில் வெளியூர் டீம் கோல் போட்டது. எங்கள் டீம் தோற்றது. சொந்த ஊர்க்காரர்களே அவரைச் சூழ்ந்துகொண்டு சட்டையைக் கிழித்தார்கள். உதட்டில் ரத்தம். அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், எல்லோருக்கும் முன்னால் அவர் காலரைப் பிடித்து, "யாருக்காகய்யா இது?" என்று கேட்டிருக்கிறான். அவர் மணிக்கட்டை எல்லோருக்கும் காட்டி, "வாட்ச் நின்னுபோச்சுப்பா" என்றாராம்.

விருந்தாளி டீமிடம் காசு வாங்கிவிட்டார் என்று ஊர் பேசியது. கமிட்டி அவரைப் பிறகு கூப்பிடவே இல்லை. எங்கள் தெருக்களை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார்கள். பதினோரு வருஷம் அத்தனை வீட்டு ரகசியத்தையும் வயிற்றில் வைத்திருந்தவரைக் கள்ளன் என்று சொன்னார்கள். நான் வாய் திறந்தால் அவர் பெயர் சுத்தமாகியிருக்கும். ஆனால் அடுத்த கேள்வி, அப்படியானால் அந்தப் பெண் இப்போது எங்கே என்று வரும். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். போலீஸ் வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டார். ரெண்டு துண்டு டியூப்பைக் காட்டினால் எலி என்றுதான் எழுதுவார்கள் என்றார்.

அண்ணனுக்கு ஏன் அப்படிப் புத்தி போனது என்று எனக்குத் தெரியாது. குழந்தை இல்லாதது என்பார்கள் சிலர், கடையில் யாரோ என்பார்கள் சிலர். நான் தனியாக வந்துவிட்டேன். அவன் மாசத்துக்கு ஒருமுறை என்னைப் பார்க்க வருவான். கையில் பழம் வாங்கிவருவான். சத்தம் போடமாட்டான். நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நல்லா இருக்கியாடா?" என்பான். கொஞ்ச நேரம் கழித்து, அதே குரலில், "அவ எந்த ஊர்ல இருக்கா?" என்பான். தெரியாது என்பேன். "சரி, சாப்புட்டியா?" என்பான். அடுத்த மாசமும் வருவான். இந்த மாசமும் வந்தான்.

ரெப்ரி சாரைக் கடைசியாகப் பார்த்தது பஸ் ஸ்டாண்டில். அவர் போவதற்கு நாலு மாசம் முந்தி. இளைத்து, சட்டை தொளதொளவென்று இருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொன்னார். அவரிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது.

"அந்தப் பொண்ணு நல்லா இருக்குதா?" என்றார்.

"நல்லா இருக்காங்க சார். சொந்தமா குஞ்சம் கட்ற வேல எடுத்து நாலு பேருக்கு வேல குடுக்கறாங்க. உங்களக் கேப்பாங்க. நீங்க ஒருதரம் போயிப் பாக்கணும் சார். ரொம்ப தூரமில்ல, இங்கேருந்து..."

அவர் சட்டென்று கையை எடுத்து என் வாயைப் பொத்தினார். சிலிண்டர் தூக்கித் தூக்கிக் காய்த்த கை. பஸ் ஸ்டாண்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"ஊரு பேரச் சொல்லாத நைனா. போன வாரம் உங்கண்ணன் என் ஊட்டுக்கு வந்திருந்தான், பழத்தோட. எனக்குத் தெரியாதுன்னு என் பொண்ணு தலைல அடிச்சு சத்தியம் பண்ணிருக்கேன். மறுபடியும் வருவான்."